அம்மாவின் நெஞ்சு வலியும் ஒரு துவாய்ச் சுருளும்

ஜூன் 4, 2025

அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பாதிப்பேர் அட்டாக் என்றே பேசி முடித்துவிட்டார்கள், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை மூன்றும் நல்லபடியாக வந்திருக்கின்றன. டொக்டர் நெஞ்செலும்பின் இடது ஓரமாக விரலால் அமுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். மூன்றாவது, நான்காவது விலா வந்து சேரும் இடத்தில் அம்மா "அங்கதான் ஐயா" என்று துள்ளிவிட்டார். கொஸ்டோகொன்ட்ரைட்டிஸ் என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். விலா எலும்பு நேராக நெஞ்செலும்பில் ஒட்டுவதில்லை, நடுவில் குருத்தெலும்பு இருக்கிறது, அந்த இணைப்பில் வரும் வலி இது. இருமினால், புரண்டு படுத்தால், மூச்சை ஆழமாக இழுத்தால் குத்தும்.

அமுக்கினால் வலிக்கிறது, அப்படியென்றால் இருதயம் இல்லை என்று வீட்டிலிருந்தே முடிவு செய்யக்கூடாது என்பதையும் டொக்டர் அழுத்திச் சொன்னார். நெஞ்சு இறுகுவது, வலி கைக்கோ தாடைக்கோ ஓடுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு உடனே அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. எங்கள் தோட்டத்து ரோட்டில் ஏறி வர நேரம் எடுக்கும், அதனால் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கவே வேண்டாம்.

ஜூன் 11

இன்று பிசியோதெரபி மிஸ்ஸிடம் போனோம். வலி முன்னால், ஆனால் அவர் அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தார். மனிதருக்கு 12 சோடி விலா, எல்லாமே பின்னால் முள்ளந்தண்டில் மூட்டுப் போட்டுத்தான் கிளம்புகின்றன, முன்னால் மேல் 7 சோடிதான் தங்கள் சொந்தக் குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்பில் சேருகின்றன. மூச்சு இழுக்கும்போது விலா வாளியின் கைப்பிடி மாதிரி தூக்கி இறங்க வேண்டும். பின் மூட்டு இறுகிப்போனால் அந்த அசைவு முழுவதையும் முன்னால் இருக்கிற குருத்தெலும்பே தாங்க வேண்டியிருக்கும், முதுகு வலிக்கவே வலிக்காமல் நெஞ்சு மட்டும் வலிப்பதும் உண்டு என்றார். எல்லோருக்கும் காரணம் இதுவே என்று இல்லை, ஆனால் அம்மாவின் முதுகு நடுவில் பலகை மாதிரி இறுகிப்போய் இருக்கிறது என்றும் சொன்னார்.

பிறகு, "அம்மா, கொழுந்து எப்படிக் கூடையில் போடுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டார். அம்மா எழுந்து நின்று, இல்லாத செடியில் இரண்டு கையாலும் பறித்து, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசிக் காட்டினார். கூடைக் கயிறு தலையில் இருப்பதாக நினைத்தோ என்னவோ, கழுத்து தானாக முன்னுக்குப் போய்விட்டது. மிஸ் இன்னும் ஒரு தடவை செய்யச் சொல்லி, இடது விலாவில் கையை வைத்துப் பார்த்து, "இதுதான், இந்தத் திரும்பல்" என்றார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டதற்கு அம்மா, "கல்யாணத்துக்கு முந்தியே புள்ள" என்றார். இந்த வீச்சைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அது உடம்பில் எங்கே போய்ப் பிடிக்கிறது என்று ஒருவர் கை வைத்துக் காட்டியது எனக்குப் பெரிய விஷயம்.

வீக்கம் இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். வீங்கியிருந்தால் அது டீட்சே நோயாக இருக்கலாமாம், 1921ல் அலெக்சாண்டர் டீட்சே என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்தது. அம்மாவுக்கு வீக்கம் இல்லை.

ஜூன் 15

வீட்டில் செய்கிற பயிற்சி. மழை விடவில்லை, வெளியில் கால் வைக்க முடியாது, காம்பராவுக்குள்ளேயே (லயத்து அறைக்குள்ளேயே) பாயை விரித்துவிட்டோம்.

துவாயை இறுக்கச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி வரும் மட்டத்தில் முதுகுக்குக் குறுக்காக வைத்து, முழங்காலை மடக்கி அதன் மேல் மல்லாந்து படுக்க வேண்டும். தலைக்குக் கீழே தலையணை. மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே முதுகைச் சுருளின் மேல் தளர விட வேண்டும், ஒரு நிமிஷம் போனதும் சுருளைக் கொஞ்சம் மேலே நகர்த்த வேண்டும். அம்மாவுக்கு 54 வயது, எலும்பு பலம் குறைந்திருக்கக்கூடிய வயது, அதனால் கெட்டியான உருளையோ முதுகில் ஏறி மிதிக்கிற கை வைத்தியமோ கூடவே கூடாது, மிருதுவான சுருள் போதும் என்று மிஸ் கண்டிப்பாகச் சொன்னார். முதுகை மிதித்து நெட்டி எடுக்கிற ஆட்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், தயவுசெய்து இந்த வலிக்கு அங்கே போகாதீர்கள்.

அப்புறம் மூச்சு. வலிக்குப் பயந்து அம்மா மேல்நெஞ்சால் சின்னச் சின்னதாக இழுக்கிறார், கழுத்துச் சதை எல்லாம் புடைத்து நிற்கிறது. கையை விலாவின் இரண்டு பக்கமும் வைத்து, கையைத் தள்ளுகிற மாதிரி மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக விட வேண்டும். வாசல் நிலையில் முன்கையை வைத்து ஒரு அடி முன்னே போய் நெஞ்சுச் சதையை இழுத்து 20 விநாடி நிற்பது இன்னொன்று. இழுக்கிற உணர்வு இருக்கலாம், குத்தல் வந்தால் கையை இறக்கிவிட வேண்டும். முன்பக்கத்தை இழுக்கிற பயிற்சியை அளவுக்கு மீறிச் செய்தால் புண்பட்ட இணைப்பு இன்னும் கோபப்படும்.

சித்தாலேப தைலம் தடவுவதை அம்மா விடமாட்டார். சுகமாக இருக்கிறதென்றால் தடவட்டும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி முதுகுக்கு வைக்கிறோம்.

ஜூன் 24

சளித் தடிமனும் இருமலும் வந்து, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ராத்திரி உட்கார்ந்தே இருந்தார். இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னேன், அது நன்றாகவே உதவுகிறது. "நடக்குறதெல்லாம் நடக்கட்டும், இனி எனக்கு எதுவும் வேணாம்" என்று அம்மா சலித்துக்கொண்டார். மிஸ்ஸுக்கு போன் போட்டுக் கேட்டேன். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சளியில் இரத்தமோ இருந்தால் உடனே கொண்டு வாருங்கள், இல்லையென்றால் வாசல் நீட்டலை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சியும் சூடும் மட்டும் தொடருங்கள், இந்த வலி கூடிக் குறைந்துதான் போகும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். காய்ச்சல் இல்லை.

ஜூலை 6

அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டார். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப் பேர். மழைநாளில் கொழுந்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நிறுக்கும்போது அந்தத் தண்ணீருக்குக் கழிவு வேறு போடுகிறார்கள். சுமக்கிறது முழு எடை, கணக்கில் வருகிறது குறைந்த எடை. காலையும் மாலையும் துவாயில் படுத்து முதுகைத் தளர்த்திவிட்டு நடுவில் நாள் முழுக்க இதைத் தூக்கினால் விலா எப்படி ஆறும்? கூடை நிறையும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர விடுங்கள் என்று கங்காணியிடம் கேட்டேன். முகம் சுளித்தார், ஆனால் சரி என்றார். இப்போது ஒரே தோளால் வீசாமல் மாறி மாறி வீசப் பழகுகிறார் அம்மா. நிரையில் நிற்கிற பெரியம்மா, "என்னடி புதுசா வீசுற" என்று கேட்டாராம்.

ஜூலை 20

இடது பக்கம் படுத்துத் தூங்குகிறார். கொடியில் துணி போடக் கையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடிப்பதில்லை. நான்காவது விலாவில் அமுக்கினால் இன்னும் வலிக்கிறது, ஆனால் தினமும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மிஸ், அதுவே புண்ணாக்குமாம். இப்போது சுவரில் முதுகு படிய நின்று தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்த்து 5 விநாடி பிடிப்பதும் சேர்ந்திருக்கிறது, தளர்ந்த முதுகுக்குப் பலமும் வர வேண்டுமே.

பக்கத்துக் காம்பரா பெரியம்மாவும் துவாயோடு வந்தார், அவருக்கும் நெஞ்சுக் குத்தாம். முதலில் ஈசிஜி எடுங்கள் என்று துண்டுச் சீட்டு வாங்க அனுப்பி வைத்தேன். ஆகஸ்டில் அடுத்த கிளினிக். விறகு பிளக்கலாமா என்று அம்மா கேட்கச் சொல்லியிருக்கிறார், அதுவரை கோடாலி தம்பியிடம்.