பேறுகால வலியும் வெதுவெதுப்பான நீரும்

பிரான்சின் பித்திவியே நகர அரசு மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவை நடத்திய அறுவை மருத்துவர் மிஷேல் ஓதான், 1970களில் பிரசவ அறைக்கு அருகே நீர்த்தொட்டி ஒன்றை வைத்தார். குழந்தை நீருக்குள் பிறக்கவேண்டும் என்பதன்று அவருடைய நோக்கம். வலி தாங்கமுடியாமல் போய், கருப்பைவாய் விரிவதும் மந்தப்படும்போது, மருந்துக்கு முன் வெதுவெதுப்பான நீரை முயன்று பார்க்கலாம் என்பதே. இந்த வேறுபாட்டை நம்மில் பலர் கவனிப்பதில்லை. சிலர் தொட்டியிலேயே பெற்றெடுத்ததும் உண்டு. அத்தகைய நூறு பிறப்புகளைப் பற்றி அவர் 1983இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்.

நீர் உடலின் எடையைத் தாங்கிக்கொள்வதால், கர்ப்பிணி விரும்பியபடி மண்டியிடவும் சாயவும் முடிகிறது; இறுகிய தசைகள் வெப்பத்தால் தளர்கின்றன. வலியின் முதற்கட்டத்தில், அதாவது கருப்பைவாய் விரியும் காலத்தில், நீரில் அமர்ந்திருந்தவர்களுள் முதுகுத்தண்டு மயக்கமருந்தை நாடியோர் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வு கூறுகிறது. ‘சற்று’ என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

தொட்டி இல்லாத இடத்தில், கீழ்முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொள்வது எளிய வழி; என் பிரசவத்தின்போது எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. எனினும் இரத்தப்போக்கோ காய்ச்சலோ இருந்தால், அல்லது குழந்தையின் இதயத்துடிப்பில் ஐயம் எழுந்தால், தொட்டியை விட்டு வெளியேறவேண்டும். நீரின் வெப்பம் 37.5 பாகை செல்சியசைத் தாண்டலாகாது. அருகில் மருத்துவச்சி எப்போதும் இருக்கவேண்டும்.