மூடைக்கு 2 கிலோ

நெல் ஆலையின் கொள்வனவைப் பதிய ஏஐ ஏஜென்ட் ஒன்று, அதாவது ஆள் சொல்வதைக் கேட்டுத் தானே வேலையைச் செய்யும் ஏஐ, பயன்படுத்தும் டூலுக்கு நான் எழுதிய விவரிப்பில் ஒரேயொரு வரியை மட்டும் இன்னும் மனதுக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் சரி. அளவு கிலோவில் வரவேண்டும், மூடைக் கணக்கில் சொன்னால் மூடைக்கு எத்தனை கிலோ என்று கேட்கவேண்டும், தானாகப் பெருக்கக்கூடாது. இதெல்லாம் எழுதச் சுலபம். சிக்கல் கழிவில்தான், அதாவது நெல்லின் ஈரத்துக்காக நிறையில் குறைப்பதில்.

ஆட்களுக்கு மென்பொருள் விளக்கம் எழுதுவதில் ஒரு வசதி உண்டு, யாரும் வாசிக்கமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பழகுவார்கள், தடக்குப்பட்டால் போன் எடுத்துக் கேட்பார்கள். ஏஐ ஏஜென்ட் நாம் எழுதியதை முழுக்க வாசிக்கிறது, ஆனால் வாசித்ததைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஏஐ மொடலை வெளி டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறையில், டூலின் பெயர், விவரிப்பு, என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற விவரம், இவ்வளவும்தான் மொடலுக்குப் போகின்றன. டூலுக்குள் ஓடும் புரோகிராமை அது காண்பதில்லை. விவரிப்பில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் சில வேளை கேட்கும், சில வேளை ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்விடும். கட்டாயம் என்று போட்ட உள்ளீட்டையும் அப்படி நிரப்பக்கூடும். உதாரணத்துக்கு என்று ஓர் எண்ணை எழுதினால் அதையே விடையாக எடுக்கவும் கூடும்.

ஆகவே கழிவைப் பற்றி ஏதாவது எழுதியே ஆகவேண்டும். கொம்பைன் மெஷின் வெட்டில் வரும் நெல் ஈரமாக இருக்கும். மழை விடாத காலபோகம் என்றால் இன்னும் மோசம், வீதியோரம் காயப்போட்டும் காயாது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலைக்கு எடுக்க ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருக்கவேண்டும். தனியார் ஆலை ஈரத்தோடும் எடுக்கும், ஆனால் மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கும். கமக்காரருக்கு அது பிடிக்காது, வேறு வழியும் இல்லை. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த விலை நாட்டு என்ற ரக நெல்லுக்குக் கிலோ 120 ரூபா. 40 மூடைக்கு 2 கிலோ வீதம் 80 கிலோ போனால், அந்த விலைப்படியே 9,600 ரூபா.

ஆலையில் கழிவைத் தீர்மானிப்பவர் கணக்கப்பிள்ளை. குத்தூசியை மூடைக்குள் இறக்கி எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலால் தேய்ப்பார். பிறகு ஒரு மணியை உமி நீக்கிக் கடைவாயில் வைப்பார். டக் என்று உடைந்தால் கழிவில்லை. நசிந்தால் 2, சில நாள் 3. ஈரம் பார்க்கும் மீற்றர் மேசை லாச்சியில் பற்றரி இல்லாமல் கிடந்தது.

அவரிடம்தான் கேட்டேன், எந்த நெல்லுக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று.

"அதை எழுதாதேங்கோ தம்பி. எழுதினா அது சட்டமாப் போயிடும்."

"எழுதாட்டி அது தன்ர பாட்டில ஒரு கணக்குப் போடுமே ஐயா."

"அப்ப என்னைக் கேக்கச் சொல்லி எழுதுங்கோ."

அவ்வளவுதான் பேச்சு. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா, அல்லது தன் கையில் இருப்பதை விடாமல் வைத்திருக்கச் சொன்னாரா? இரண்டும்தான் என்று சில நாள் தோன்றும். தெரிந்தவர், தனியாக வயல் செய்யும் பெண், கடன் பட்டு விதைத்தவர் என்று ஆள் பார்த்து அவர் கழிவை விட்டுக்கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். பிடிக்காதவருக்கு 3 போடுவதையும் கண்டிருக்கிறேன். எழுதிவைத்தால் முதலாவது போய்விடும். இரண்டாவதும் போய்விடும் என்பதை அந்த நேரம் நான் பெரிதாக எடுக்கவில்லை.

கழிவு தரப்படாவிட்டால் டூல் தானாக எடுக்கும் இயல்பு எண்ணாக 2 என்று போடச் சொன்னார் முதலாளி. நான் போடவில்லை. கழிவு தரப்படாவிட்டால் டூல் பதிவை ஏற்காது. "கழிவு தெரியவில்லை, கணக்கப்பிள்ளையிடம் கேள், ஊகிக்காதே" என்ற பதிலைத் திருப்பி அனுப்பும். ஏஜென்ட்டுக்கு எழுதும்போது பிழைச் செய்தியும் விளக்கத்தில் ஒரு பங்குதான். விவரிப்பைக் கவனியாமல் கழிவை விட்டுவிட்டு வந்தாலும் அங்கே மறிபடும். ஆகவே வேலை என்ற அளவில் அது நல்ல வேலை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

"கேக்கிறதுக்கு ஆள் வேணுமெண்டா உது எனக்கு என்னத்துக்கு?" என்றார் முதலாளி. அதற்கு ஏதோ நீளமாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அறுவடை தொடங்கியது. கொள்வனவுக்குப் போன பெடியள் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமிருந்து கொள்வனவு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப அனுப்ப, ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் கணக்கப்பிள்ளையின் போனுக்குக் கேள்வி அனுப்பியது. நெல்லோ இன்னும் வயலில். குத்தூசி ஆலையில். கடிக்க மணியில்லாமல் அவர் என்ன செய்வார்? பதிவுகளை இறக்கிப் பார்த்தேன். முதல் வாரம் 0, 1, 3 என்று கலந்து இருந்தது. பிறகு 2, 2, 2 என்று பக்கம் பக்கமாக. முதலாளி கேட்ட இயல்பு எண்ணைக் கணக்கப்பிள்ளையே பெருவிரலால் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் முதலிலேயே எழுதியிருக்கலாம்: ஈரம் 14 வீதத்துக்குள் என்றால் 0, மேலே என்றால் இவ்வளவு, மீற்றருக்கு ஒரு பற்றரி. கறாரான கணக்கு, ஆனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு. அவர் பேச்சைக் கேட்டதால்தான் அது நடக்கவில்லை என்று நினைப்பேன். பிறகு, முதலாளி 0 என்ற வரியை விட்டுவைத்திருப்பாரா என்றும் நினைப்பேன்.

இதற்கிடையில் நான் யோசிக்காத ஒன்றும் நடந்தது. கழிவு தனி உள்ளீடாக வந்ததால் பில்லிலும் தனி வரியாக அச்சாகத் தொடங்கியது. முன்பு கழிவு போக மிஞ்சிய நிறை மட்டும்தான் வரும். ஒரு கமக்காரரின் மகன் அந்த வரியில் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டு ஆலைக்கு வந்து, தன் நெல்லை யார் எப்போது பார்த்தது என்று கேட்டிருக்கிறான். கணக்கப்பிள்ளை பதில் சொல்லவில்லையாம்.

முதலாளி மெசேஜ் போட்டிருக்கிறார். ஏஜென்ட்டுக்குக் கழிவு தெரியத்தான் வேண்டும், அதை அப்படியே விடச் சொல்கிறார். பில்லில் மட்டும் அந்த வரியை எடுத்துவிடட்டாம். செய்வதென்றால் ஐந்து நிமிஷ வேலை. இன்னும் பதில் போடவில்லை.