கெண்டைக்காலோடு மல்லுக்கட்டு: எந்தப் பயிற்சி பலித்தது?

தொடையும் தோளும் பயிற்சிக்கு மசிந்த பிறகும் கெண்டைக்கால் மட்டும் வீம்பு பிடித்தது. உடல்வாகு என்று விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான், தசை எங்கே முடிந்து தசைநாண் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. ஆனால் வலுவுக்கு அந்தச் சாக்கு செல்லாது. எனவே எலாஸ்டிக் பட்டை, உட்கார்ந்து குதிகால் உயர்த்துதல், நின்று உயர்த்துதல், படி விளிம்பில் ஒற்றைக்காலில் உயர்த்துதல் என்று ஒவ்வொன்றையும் சில வாரங்கள் தனித்தனியே செய்து பார்த்தேன்.

அளப்பதற்கு ஒரே சோதனை: தரையில் ஒற்றைக்காலில் நின்று, முழு உயரத்துக்குக் குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது? இயன்முறை மருத்துவத்தில் 25 முறை என்பது இயல்பான வலுவுக்கு அடையாளமாக வெகுகாலமாகக் கொள்ளப்படுகிறது. இதில் ‘முழு உயரம்’ என்ற சொல்தான் ஆளைப் பிடிக்கும். களைப்பு ஏற ஏற, நமக்கே தெரியாமல் குதிகால் எழும் உயரம் குறைந்துகொண்டே வரும். அதனால் குதிகால் எட்ட வேண்டிய உயரத்தில், பக்கத்துச் சுவரில் ஒரு நாடாவை ஒட்டினேன். நாடாவைத் தொடாத எழுச்சி கணக்கில் சேராது. சுவரில் ஒரு விரல் மட்டும் படலாம், உள்ளங்கையை ஊன்றக் கூடாது.

எலாஸ்டிக் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியில் பட்டையை மாட்டி, கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பாதத்தை முன்னே தள்ள வேண்டும். கெண்டைக்கால் களைக்கும் முன்பே என் விரல்கள் களைத்தன. நடக்கும்போதே முழு உடல் எடையையும் தாங்கும் தசைக்கு இந்த இழுவிசை ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு குறையும் உண்டு. தசை நன்றாக நீண்டிருக்கும் தொடக்கத்தில் பட்டை தளர்ந்திருக்கிறது. தசை சுருங்கி முடியும் இடத்தில்தான் இறுகுகிறது. எங்கே சுமை வேண்டுமோ அங்கே இல்லை. காயத்திலிருந்து மீள்பவர்களுக்கு நல்ல தொடக்கம். எனக்குச் சோதனை எண்ணிக்கை அசையவில்லை.

உட்கார்ந்து செய்வதில் தசையில் எரிச்சல் அமோகம். முழங்காலுக்குச் சற்று மேலே துண்டை மடித்து வைத்து, அதன் மேல் டம்பெல்லை நிறுத்திக் குதிகாலை உயர்த்துவேன். துண்டு இல்லாவிட்டால் டம்பெல்லின் விளிம்பு தொடையில் பதிந்து, வலி வேறெங்கோ போய்விடும். கெண்டைக்காலில் மேலே தெரியும் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்கு மேலேயே தொடங்குகிறது. முழங்கால் மடங்கினால் அது தளர்ந்துபோகும். அப்போது அடியில் இருக்கும் சோலியஸ் தசைதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஆளின் ஒரு காலுக்கு நின்றபடியும் மற்றதற்கு உட்கார்ந்தபடியும் 12 வாரம் பயிற்சி தந்தார்கள். காஸ்ட்ரோக்னீமியஸின் வெளிப்பகுதி நின்ற காலில் 12.4 சதவீதம் வளர்ந்தது. உட்கார்ந்த காலில் 1.7 சதவீதம்தான். சோலியஸில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எரிச்சலை வைத்துப் பலனை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு கால்களிலும் நின்று செய்வது சில நாட்களிலேயே எளிதாகிவிட்டது. வலது கால் சத்தமில்லாமல் இடது காலின் பங்கையும் சேர்த்துச் சுமப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பலன் தந்தது படி விளிம்புதான். அதிலும் செய்யும் விதம்தான் எல்லாம். குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கியதும் துள்ளி எழுந்தால், கெண்டைக்காலைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் இழுத்துவிட்ட ரப்பர் போல நம்மைத் தூக்கிவிடும். தசைக்குப் பாதி விடுமுறை. கீழே இரண்டு நொடி அசையாமல் நின்று, அந்த விசை அடங்கிய பிறகு எழுந்தால் அதே உடல் எடை திடீரென்று கனக்கிறது. எடையைச் சுண்டுவிரல் பக்கம் சாயவிடாமல் கட்டைவிரலின் அடிமேட்டில் வைத்தால் கணுக்கால் வெளியே புரளாது. முழங்காலை நீட்டியபடி சில செட், லேசாக மடக்கி ஒரு செட் என்று செய்ததால் சோலியஸுக்கும் அதன் பங்கு கிடைத்தது. படியில் முழங்காலை நீட்டியும் மடக்கியும் செய்யும் பழக்கம் புதிதல்ல. 1998இல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு அக்கிலிஸ் வலிக்காக வகுத்த முறையில் குதிகாலை மெதுவாக இறக்குவது மட்டுமே இருந்தது: 15 முறை வீதம் மூன்று செட், முழங்காலை நீட்டியும் மடக்கியும், நாளுக்கு இரு வேளை, 12 வாரம். அந்த அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். குதி எலும்பில் தசைநாண் ஒட்டும் இடத்திலேயே வலி இருப்பவர்கள் படிக்குக் கீழே இறங்காமல் தரையிலேயே செய்வது நல்லது.

சோதனையும் ஒற்றைக்கால், வென்ற பயிற்சியும் ஒற்றைக்கால். ஆகவே தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். கடைசியில் செய்ததால் முந்தைய வாரங்களின் உழைப்பும் அதன் கணக்கில் சேர்ந்திருக்கும். இருந்தாலும் பட்டையும் நாற்காலியும் நகர்த்தாத எண்ணிக்கையை இது வாரத்துக்கு வாரம் நகர்த்தியது. வலது கால் 25ஐத் தாண்டிவிட்டது. இடது கால் இன்னும் எட்டவில்லை. சுற்றளவில் மாற்றம் அளவு நாடாவுக்குத் தெரிகிறது, கண்ணாடிக்குத் தெரியவில்லை.

இப்போது இடது காலில்தான் தொடங்குகிறேன். அது எத்தனை முறை எழுகிறதோ அத்தனை முறைதான் வலதுக்கும். இரண்டும் சமமானதும் தோள்பையில் எடை ஏற்ற வேண்டும்.