டீசல் எந்தத் தலைப்பில்?

முப்பத்தெட்டு வயதில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் முதுகலை சேர்ந்தேன். MPA என்ற அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் அதுவும் எம்.பி.ஏ.தான். ஆகவே நான் மேனேஜர் ஆகப்போகிறேன் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேலை, வட மாவட்டம் ஒன்றில் சின்னத் தொண்டு நிறுவனத்தில். இருளர் குடியிருப்புகளில் மாலைப் பள்ளிகள் நடத்துகிறோம். பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலைக்கு இனிமேல் என்ன படிப்பு என்று வீட்டில் கேட்டார்கள். உண்மையில் என்னைப் படிக்கவைத்தது எங்கள் ஆடிட்டரின் பென்சில்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்களைப் போன்றவர்கள் வாங்கும் அந்த நன்கொடையில் அதுவரை 50 சதவீதமாக இருந்த நிர்வாகச் செலவு வரம்பு 20 ஆனது. அந்த வருடக் கணக்கைப் பார்க்க வந்த ஆடிட்டர் பேரேட்டைப் புரட்டி ஜீப் டீசல், டயர், ரிப்பேர், டீச்சர்களின் மதிப்பூதியம் எல்லாவற்றையும் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ‘நிர்வாகம்’ என்று எழுதிக்கொண்டே போனார். ஏழு மணிக்கு மேல் அந்த ஏரிக்கரைப் பக்கம் பஸ் கிடையாது. ஜீப் இல்லையென்றால் டீச்சர் இல்லை, பள்ளியும் இல்லை. இது எப்படி நிர்வாகம் என்று கேட்டேன். “ரூல்ல அப்படித்தாம்மா இருக்கு” என்றார். மேலே பேச எனக்குத் தெரியவில்லை.

பாடப் புத்தகத்தில் டீசலைப் பற்றி ஒன்றும் இல்லை. அதிகார வர்க்கம் எப்படி இயங்குகிறது என்று எழுதிய ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர் இருந்தார். அவரைப் படித்த வாரம்தான் பிள்ளைகளின் எஸ்.டி. சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். எழுதிய விதி, எழுதிய கோப்பு என்று அவர் சொன்னதெல்லாம் எதிர் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அசைன்மென்ட் வேறு, கையால்தான் எழுத வேண்டும். இரவு பத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதி விரல் வீங்கியதுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் விதி என்று யாராவது சொன்னால், அதை எடுத்து நானே படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2011 விதிகளில் ஐந்தாவதைத் தேடிப் படித்தேன். வாகனத்தை ஓட்டவும் பராமரிக்கவும் ஆகும் செலவு நிர்வாகம்தான் என்று பளிச்சென்று இருந்தது. ஆடிட்டர் சொன்னது சரி. அதற்குக் கீழேயே ஒரு விலக்கும் இருந்தது: நிறுவனத்தின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்யும் செலவு, உதாரணமாகப் பள்ளி ஆசிரியர் சம்பளம், மருத்துவமனை டாக்டர் சம்பளம், இந்தக் கணக்கில் வராது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். ஆடிட்டர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் ரப்பரை எடுத்து, மதிப்பூதியத்தைச் சுற்றியிருந்த சுழிகளை மட்டும் அழித்தார்.

டீசல் அப்படியே நிற்கிறது. விதி எழுதியவர்கள் மனதில் ஏதோ ஏ.சி. கார் ஓடியிருக்கும் என்பது என் சந்தேகம். இப்போது ஒரு டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் குடியிருப்பிலேயே தங்கிவிடுகிறார். ட்ரிப் அவ்வளவு மிச்சம்.

டிரைவர் அண்ணனிடம் ட்ரிப் ஷீட் வாங்கும்போது விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப நானும் நிர்வாகமா? எம்.பி.ஏ. நீங்க படிச்சீங்க, மேனேஜர் நான் ஆயிட்டனா?”