காம்பாக்ட்டிலிருந்து எஸ்எல்ஆர்: ஒரு பூச்சிப் பித்தனின் கணக்கு

பூச்சிகளைப் படமெடுக்கும் பித்து, கேனன் பவர்ஷாட் ஏ590 என்ற சின்ன காம்பாக்ட் கேமரா கையில் இருந்தபோதே பிடித்துவிட்டது. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், 8 மெகாபிக்சல். மேக்ரோவில் வைத்தால் 5 செ.மீ. வரை நெருங்கலாம். செம்பருத்தி இலைமேல் இருக்கும் வெட்டுக்கிளியை எடுத்தால் மீசையிலிருந்து பின்னங்கால் வரை தெளிவாக விழும். குறை ஒன்றுதான்: வெயில் வேண்டும். மரநிழலில் ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 400-க்கு மேல் ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும்.

கல்யாணப் படம் எடுக்கும் நண்பர், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியபோது, அவருடைய கேனன் 600டி-யை, கூடவே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு வாங்கிக்கொண்டேன். லென்ஸை மாற்றிக்கொள்ளலாம், உள்ளே கண்ணாடி உண்டு; எஸ்எல்ஆர் என்பது இதுதான். 2011-ல் வந்த மாடல். இந்தக் காலத்தில் எஸ்எல்ஆரா என்று கேட்டவர்கள் உண்டு. கேனனும் நிக்கானும் 2018-ல் ஆர், இசட் என்ற மிரர்லெஸ் வரிசைகளைக் கொண்டுவந்த பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் போகிறார்கள். அதனால்தான் பழைய சரக்கு நம் விலைக்கு இறங்கியிருக்கிறது. 600டி-யின் திரை வெளியே மடங்கித் திரும்பும். தரையோடு ஊரும் பூச்சிகளுக்காக மண்ணில் படுக்க வேண்டியதில்லை.

வந்ததும் முதல் வியப்பு, பெரிய கேமராவில் ஜூம் குறைவு. பழையதன் நீளமான முனை 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 140. 600டி-யின் சென்சார் (படம் பதியும் சில்லு) அந்த ஃபிலிமைவிட 1.6 மடங்கு சிறியது, ஆகவே இங்கே 55-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 88 தான் வருகிறது. சரி, பறவைகள் பிறகு என்று விட்டுவிட்டேன்.

ஃபோகஸ் விஷயம்தான் என்னை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது. அதே செம்பருத்தி, அதே வெட்டுக்கிளி, கிட் லென்ஸில் 55, எஃப் 5.6. (லென்ஸின் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் திறப்பின் அகலம் வரும்.) கண் தெளிவாக இருந்தால் மீசை மங்குகிறது. மீசையைப் பிடித்தால் கண் போகிறது. பழைய கேமராவின் அகன்ற முனை 5.8 மி.மீ. லென்ஸ். எஃப் 2.6-ல் அதன் திறப்பு 2 மி.மீ. சொச்சம்தான். இங்கே 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் திறப்பு கிட்டத்தட்ட 10 மி.மீ. திறப்பு பெரிதாகப் பெரிதாகத் தெளிவான பகுதி மெலிந்துகொண்டே போகும்.

ஒரே பார்வைக் கோணத்தில் காம்பாக்ட் எஃப் 2.6-ல் தந்த ஆழம், அதாவது தெளிவான பகுதி, 600டி-யில் வேண்டுமானால் எஃப் 10 வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய 14-ல் ஒரு பங்காகிவிடும். ஷட்டர் வேகத்தைக் குறைக்க முடியாது, பூச்சி ஆடும். ஆகவே ஐஎஸ்ஓ 100 இருந்த இடத்தில் 1600-க்குப் பக்கத்தில் போக வேண்டும். 600டி-யின் சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ.; பரப்பில் பழையதைப் போல 13 மடங்கு. அந்தப் 13 மடங்கு லாபத்தை இந்த 14 பங்கு நஷ்டம் அப்படியே விழுங்கிவிடுகிறது! எல்லாம் தெளிவாக வேண்டும், வேகமும் குறையக் கூடாது என்று நின்றால் பெரிய சென்சாரால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

லாபம் இரண்டு இடங்களில் வருகிறது. ஆழத்தை விட்டுக்கொடுக்கலாம் என்றால் வரும். கோயில் திருவிழா இரவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை எஃப் 2-ல் வைத்து, நாதஸ்வரக்காரரின் முகத்தை மட்டும் எடுக்கும்போது பழைய கேமரா கிட்டேயே வர முடியாது. இல்லையென்றால், வெளிச்சத்தை நாமே கொண்டுபோக வேண்டும். பூச்சிக்கு நான் பிடித்த வழி இரண்டாவது.

மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 58 மி.மீ. ரிவர்ஸ் ரிங்கைக் கொண்டு கிட் லென்ஸைத் தலைகீழாக மாட்டினேன். 55 பக்கம் வைத்தால் உருப்பெருக்கம் குறைவு, 18 பக்கம் போகப் போக அதிகம். பழக 35 போதும். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. லென்ஸை நேராக மாட்டி எஃப் 8 வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்தியபடியே கழற்றினால் திறப்பு அப்படியே நின்றுவிடும். அப்புறம் திருப்பி மாட்டலாம். வ்யூஃபைண்டர் இருட்டாகும், பக்கத்தில் ஒரு டார்ச் இருந்தால் நல்லது. வளையத்தைத் திருகி ஃபோகஸ் பிடிக்கும் வேலையில்லை, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் பிடிக்க வேண்டும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவில் நாலைந்து செ.மீ. இருக்கும். பின்கண்ணாடி வெளியே பார்த்திருப்பதால் தூசியில் கவனம் வேண்டும்.

அவ்வளவு நெருக்கத்தில் கேமராவின் ஃபிளாஷை அடித்தால் லென்ஸின் நிழலே பூச்சிமேல் விழும். அட்டையை மடித்து உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, வெளிச்சத்தை லென்ஸின் முனை வரை கொண்டுவரும் குழாய் ஒன்று செய்தேன். வாயில் இரண்டு மடிப்பு பட்டர் பேப்பர். ஷட்டர் 200-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 200. வெளிச்சம் முழுக்க ஃபிளாஷிலிருந்து வருவதால் கை நடுக்கம் படத்தில் தெரிவதில்லை. தெளிவான பகுதி இன்னும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான், ஆனால் புள்ளிகள் இல்லை.

இந்த அமைப்போடு மாமரத்து முசுறு எறும்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் எறும்புக்கு முன்பக்கம் இரண்டு பெரிய உருண்டைக் கண்கள், கார் விளக்கு மாதிரி. எண்ணிப் பார்த்தால் கால் எட்டு. முசுறு வேஷம் போடும் குதிக்கும் சிலந்தி! முன்னங்கால்களை உயர்த்தி எறும்பின் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருக்கிறது. நிறமும் அதே செம்பழுப்பு, இடுப்பும் அதே ஒடுக்கம். பழைய கேமராவில் எடுத்த படங்களைத் தேடினால் அதே கிளையில் இதுவும் நிற்கிறது, அதில் எறும்பாகவே தெரிகிறது. தொட்டால் எறும்பைப் போலக் கடிக்க வருவதில்லை. நூல் விட்டுக் கீழே தொங்கிவிடுகிறது.

ஆண் சிலந்திக்குத் தாடை பெரிதாக நீண்டு, ஓர் எறும்பு இன்னொன்றைத் தூக்கிப் போவது போல இருக்கும். அது இன்னும் கிடைக்கவில்லை. ஃபோகஸை நூலளவு நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக அடுக்கும் வேலையை இப்போது செத்த பூச்சிகளில் பழகி வருகிறேன். உயிரோடிருப்பவை அதுவரை நிற்காது. ஏ590-ஐயும் விற்கவில்லை. நல்ல வெயிலில் முழு வெட்டுக்கிளி வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் எடுக்கிறேன்.