பொங்கலுக்கு இறங்கிரலாமா?

"அக்கா, வலியே இல்ல. பொங்கலுக்கு இறங்கிரலாமா?"

டிசம்பர் பிறந்தால் எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும், பொங்கல் டோர்னமென்டில் ஆடலாமா என்று. இந்த முறை கேட்டவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கபடிப் பையன், 21 வயது, அவன் அணியின் முக்கிய ரைடர். ஜூலையில் பாடிப் போனவன் சட்டென்று திரும்பியிருக்கிறான், ஊன்றிய இடது கால் அப்படியே நிற்க உடம்பு மட்டும் சுழன்றுவிட்டது, யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. ஊரில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்பார்களே, அதுதான், முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கிற ஏ.சி.எல். என்ற லிகமென்ட். ஆகஸ்ட்டில் ஆபரேஷன், பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து அதன் இடத்தில் வைத்தார்கள்.

முதல் சில வாரங்கள் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒன்றுமே செய்யாதது போலத்தான் தெரியும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியை முழுசாக நீட்ட வைப்போம், முன்தொடையை இறுக்கச் சொல்வோம், அவ்வளவுதான். "மெஷின் எதுவும் வைக்க மாட்டீங்களாம்மா?" என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை நரம்பு மண்டலமே முன்தொடைத் தசையை அடக்கி வைக்கும், பையன் எவ்வளவு முயன்றாலும் அது முழுசாக இறுகாது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் சிகிச்சைதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வருகிற ஐந்தாவது மாதம்தான் எனக்குப் பயம். வலி போயிருக்கும், வீக்கம் வற்றியிருக்கும், ஓட்டமும் ஆரம்பித்திருப்போம், ஊரில் டோர்னமென்ட் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். உள்ளே வைத்த நாணோ இன்னும் லிகமென்டாக மாறிக்கொண்டுதான் இருக்கும், அதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்குப் பின் ஒன்பதாவது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி முட்டியில் அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அவனை ஒற்றைக்காலில் தாண்டச் சொன்னேன். நல்ல காலின் தூரத்தில் 93 சதவீதம் வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. தாண்டும் தூரத்தை மட்டும் நம்பக் கூடாது, முட்டி செய்யாத வேலையை இடுப்பும் கணுக்காலும் எடுத்துக்கொள்ளும். தசையின் பலத்தை அளக்கிற டைனமோமீட்டரை பெல்ட்டில் கட்டி உதைக்கச் சொன்னால் இடது முன்தொடை நல்ல காலின் பலத்தில் 68 சதவீதம்தான். நாங்கள் கேட்பது குறைந்தது 90.

சில வருடம் முன்பு, வேறு ஓரிடத்தில், இந்த உதை டெஸ்ட் செய்யாமல் ஆறாவது மாதம் ஒரு வாலிபால் பையனுக்குச் சரி சொன்னேன். மூன்றாவது வாரம் அதே முட்டியோடு திரும்பி வந்தான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட நினைவிருக்கிறது.

அதனால் இவனிடம் முடியாது என்றேன். போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பியிருக்கிற வீடு, அவனுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். இரண்டு நாள் வரவில்லை. பொங்கலன்று ஸ்கோர் எழுத உட்கார்ந்திருக்கிற போட்டோவை அனுப்பினான், கீழே ஒரு வார்த்தையும் இல்லை. போன வாரம் அளந்தபோது 81. லெக் பிரஸ்ஸில் எடையைக் கூட்டியிருக்கிறோம், மறுபடி அளப்பது ஏப்ரலில்.