முடக்கி வைத்த ஒரு வரி

நேற்றிரவு ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் ஒரு வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கடைசியில் இருந்த தலைப்பு வரி வேண்டாம் என்று அதன் முன்னே, வரியை இயங்காமல் முடக்கும் # குறியை இட்டேன். முந்தைய வரி, அடுத்த கட்டளையையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் + குறியோடு முடிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆகவே அடுத்து நின்ற, வரைபடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சுருக்க அட்டவணைக் கட்டளையையும் ஆர் அதனோடு கூட்டப் பார்த்துப் பிழை காட்டியது. பிழைச்செய்தி அந்த அட்டவணையின் பெயரையே சொன்னதால், அரை மணி நேரம் அங்கேயே தேடினேன் (தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்).

சாஸ் (SAS) என்னும் இன்னொரு புள்ளியியல் மொழியில் சிக்கல் வேறு வகை. தொடக்கத்தில் /*, முடிவில் */ இட்டு ஒரு பெரிய பகுதியை முடக்கினால், உள்ளே ஏற்கெனவே எழுதியிருந்த சிறு குறிப்பை முடிக்கும் */ வந்தவுடனேயே முடக்கம் நீங்கி, எஞ்சிய கட்டளைகள் இயங்கத் தொடங்கிவிடும். ஸ்டேட்டா (Stata) என்னும் புள்ளியியல் மென்பொருள் இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்றாக இடுவதை அனுமதிக்கிறது. ஆரில் பல வரிகளைச் சேர்த்து மூடும் குறியே கிடையாது. ஆர் நிரல்களை எழுதப் பயன்படும் ஆர்ஸ்டூடியோ செயலியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி விசைகளை ஒருசேர அழுத்தினால், தேர்ந்தெடுத்த வரிகள் அனைத்தின் முன்னும் # வந்துவிடும்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது பிழையே காட்டாத வரிதான். 18 வயதுக்குக் குறைந்தோரை நீக்கும் கட்டளையைச் சோதனைக்காக முடக்கிவிட்டு மறந்தால், நிரல் முறையாக ஓடி முடியும், சராசரி மட்டும் மாறியிருக்கும். அத்தகைய வரிகளின் பக்கத்தில் தேதியையும் காரணத்தையும் இப்போது எழுதிவைக்கிறேன்.